ரெண்டரை இன்ச் சம்பந்தம்

எங்கள் ஊரில் ஒருவர் குழாயையும் இன்னொருவர் குழாயையும் ரப்பர் இணைப்பு போட்டுச் சேர்த்து, அதன் வழியாகத் தண்ணீர் தாண்டிவிட்டால் அந்த இருவரும் சொந்தமாகிவிடுவார்கள். என்ன சொந்தம் என்பது இணைப்பின் அளவைப் பொறுத்தது. ரெண்டு இன்ச் போட்டால் மாமன் மச்சான். ரெண்டரை இன்ச் போட்டால் சம்பந்தி. மூணு இன்ச் போட்டால் பங்காளி. ஒரு இன்ச் போட்டால் வெறும் ஊர்க்காரர்கள். வழியில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா" என்று கேட்க வேண்டும். பதிலுக்காக நிற்க வேண்டியதில்லை.

இணைப்பு என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. ஒரு சாண் நீளத்துக்கு வளையக்கூடிய ரப்பர்த் துண்டு. இரண்டு குழாய் முனைகளையும் அதற்குள் செருகி, இரண்டு பக்கமும் கிளாம்ப் மாட்டி முறுக்கினால் முடிந்தது. எந்தப் பக்கத்துக் கிளாம்பை முதலில் முறுக்குகிறோமோ அந்தக் குடும்பம் மூத்தது. சம்பந்தி என்றால் அது மாப்பிள்ளை வீடு. கடைசியாகத் தாண்டிய தண்ணீர்தான் செல்லும், அதற்கு முந்தைய உறவு ரத்து. பெற்ற உறவுக்கும் இதே விதிதான்.

கிளாம்ப் முறுக்குகிறவன் நான். பெயர் சிவமலை, ஆனால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, பிட்டர் என்பார்கள். இரண்டு பக்கமும் கை வைக்கிறவன் என்பதால் பிட்டருக்கு வீட்டுக்காரியைத் தவிர யாரும் சொந்தமாக முடியாது. அண்ணன், மாமன் என்று என்னை யாரும் முறை வைத்துக் கூப்பிடக் கூடாது. இது பலருக்குப் பரிதாபமாகத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக இந்த ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, தப்பித்தோம் என்றுதான் தோன்றும்.

நாச்சிமுத்துவின் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு ரெண்டு ஏக்கரில் சின்ன வெங்காயம். மாசி மாதம் கிணறு வற்றிவிட்டது. பக்கத்துத் தோட்டம் சென்னியப்பனுடையது. அவருடைய போர்வெல்லில் தண்ணீருக்குக் குறைவில்லை. நாச்சிமுத்துவின் மகள் கோகிலவாணிக்கும் சென்னியப்பனின் மகன் லோகநாதனுக்கும் நிச்சயமாகி, கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது. ஒரு ரெண்டரை இன்ச் இணைப்பைப் போட்டால் தண்ணீரும் வந்துவிடும், சம்பந்தமும் உறுதியாகிவிடும். பச்சைக் குழந்தைக்குக்கூட இது புரியும்.

ஆனால் என்னிடம் ரெண்டரை இன்ச் தீர்ந்துவிட்டிருந்தது. வியாழக்கிழமை லாரியில் வரும் என்றேன். அன்றைக்குத் திங்கட்கிழமை. கோகிலவாணி பாத்தியில் உட்கார்ந்து, மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, பயிர் நாலு நாள் தாங்கும் என்றாள். அந்தத் தோட்டத்து மோட்டாரும் வால்வும் அவள் பொறுப்பு. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நானும் பார்த்தேன், தாங்கும்.

நாச்சிமுத்துவுக்குத் தாங்கவில்லை. என் பையில் மூணு இன்ச் இருப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"மூணு இஞ்சே போட்டு உடு பிட்டரே. வெசாழக்கெழம ரெண்டரை வந்தா மாத்திக்கலாம்."

மூணு இன்ச்சில் தண்ணீர் நிறைய வரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்காரச் சொல்லும் வரைக்கும் பெண் வீட்டார் நின்றுகொண்டிருக்க வேண்டும். நிச்சயத்தன்று சென்னியப்பன் வெற்றிலை போட்டு, எச்சில் துப்பி, மாட்டு விலையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் இவரை உட்காரச் சொன்னார். ஒன்றரை மணி நேரம். பங்காளி ஆகிவிட்டால் நிற்க வேண்டியதில்லை. மூன்று நாளைக்காவது நிமிர்ந்து உட்காரலாம் என்று மனுசனுக்கு ஆசை.

நான் பிட்டர் என்ற முறையில் ஒரு தடவை சொன்னேன். மூணு இன்ச்சைப் போடுவது சுலபம், கழற்றுவது அப்படியில்லை. கழற்றினால் பங்காளி வீட்டில் சாவு விழுந்ததாக ஆகும். இரண்டு குடும்பத் தலைவர்களில் ஒருவரைச் செத்தவர் என்று வைத்து, பதினாறு நாள் தீட்டு காக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. காதில் வாங்கினால்தானே. இரண்டாவது தடவை சொல்வது என் வேலை இல்லை.

சென்னியப்பன் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் நாச்சிமுத்துவைவிடப் பெரிய ஆள். நாச்சிமுத்து வகையறாவுக்குத்தான் கோயிலில் முதல் பரிவட்டம். மூத்த பங்காளி ஆகிவிட்டால் அந்தத் துணி அவர் தலைக்கு வரும். அதனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, தன் பக்கத்துக் கிளாம்பை முதலில் முறுக்க வேண்டும். தாராளமாக முறுக்கட்டும் என்றார் நாச்சிமுத்து. ஒரு முழத் துணிக்கு ஒருவர், ஒரு நாற்காலிக்கு ஒருவர். நல்ல ஜோடிதான்.

கோகிலவாணி பாத்தியிலிருந்து எழுந்தாள். வரப்பு மேல் நின்றிருந்த லோகநாதனைப் பார்த்தாள். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று எனக்குத் தெரியாது, அதை அவள்தான் சொல்ல வேண்டும். கல்யாணச் சேலைக்கு ரவிக்கை தைத்து வந்ததை முந்தின நாள்தான் என் வீட்டுக்காரியிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"பெரியவங்க பாத்துச் செய்யறதுதானுங்க," என்றான் லோகநாதன். சொல்லிவிட்டு, நான் கேட்காமலே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் கொடுத்தான்.

நான் முறுக்கினேன். என் வேலை முறுக்குவது. சென்னியப்பன் பக்கம் முதலில், நாச்சிமுத்து பக்கம் பிறகு. வால்வைத் திறந்தார்கள். ரப்பர் ஒரு தடவை உப்பி, நடுவில் லேசாக வளைந்து, தண்ணீர் அந்தப் பக்கம் போய் வாய்க்காலில் விழுந்தது. இரண்டு பெரியவர்களும் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

லோகநாதன் வரப்பிலிருந்து இறங்கி வந்தான். நிச்சயமான நாளிலிருந்து அவளிடம் அவன் அக்கறையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது முகமெல்லாம் பாசமாக இருந்தான்.

"தங்கச்சி, வெயில்ல நிக்காத. நெழலுக்குப் போ."

அவள் முகம் சுண்டிப்போனது. அவள் நிழலுக்குப் போகவில்லை. வெங்காயப் பாத்தியில் தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டு, அழுகை வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டு நின்றாள். அவன் ஓடிப்போய் அவளுக்கு ஒரு குடை கொண்டுவந்தான். அண்ணனாக அவனைக் குறை சொல்ல முடியாது.

வியாழக்கிழமை லாரி வந்தது. ரெண்டரை இன்ச் இணைப்பை எடுத்துக்கொண்டு போனேன். நாச்சிமுத்து, மாற்று மாற்று என்று பறந்தார். யாரைச் செத்தவராக வைப்பது என்று கேட்டேன். அப்போதுதான் அவருக்கு நான் திங்கட்கிழமை சொன்னது காதில் விழுந்தது. அவர் சென்னியப்பனைப் பார்த்தார். வயதில் மூத்தவர், வாழ்ந்து முடித்தவர், அவரே செத்தவராக இருப்பதுதான் மரியாதை என்றார். சென்னியப்பன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பரிவட்டம் கட்டப் போகிறார்கள், செத்தவன் தலையில் எப்படிக் கட்டுவார்கள் என்று கேட்டார். இளையவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். ஒருவரை ஒருவர் செத்துப்போகச் சொல்லி இரண்டு மணி நேரம் அன்பாகப் பேசினார்கள். யார் செத்தாலும் பதினாறு நாள் தீட்டில் முகூர்த்தம் போய்விடும் என்று நான் இடையில் சொன்னேன். அதைக் கேட்டதும் இருவருக்கும் நிம்மதி. எப்படியும் கல்யாணம் இல்லை, அப்புறம் எதற்குச் சாக வேண்டும்? கட்டிலில் போய்ச் சாய்ந்துகொண்டார்கள். மூணு இன்ச் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அவர் தலை சிறியது. துணி கண்ணை மறைத்தது. அப்படியே ஊர் முழுக்க நடந்தார்.

திங்கட்கிழமை காலையில் கோகிலவாணி என் கடைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் தலை வாரிப் பூ வைத்திருந்தாள்.

"பிட்டரே, அந்த ரெண்டரை இஞ்சு இன்னும் இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். அவளுடைய அம்மா செத்துப்போவதற்கு முன் எழுதிவைத்த அரை ஏக்கர் தென்னையும், அதற்கு மட்டுமே போதுமான ஒரு கிணறும் அவள் பெயரில் இருந்தன. அங்கே கூட்டிக்கொண்டு போனாள். நீளமான பச்சை ஹோஸ் ஒன்றை மரங்களுக்கு நடுவே வட்டமாகப் போட்டு வைத்திருந்தாள். ஒரு முனை இன்னொரு முனைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. குழாயும் அவளுடையது, இரண்டு முனையும் அவளுடையவை. சேர்த்துப் போடச் சொன்னாள்.

சட்டப்படி இதில் தவறு ஒன்றும் இல்லை. இந்த முனை யாருடையது, அந்த முனை யாருடையது என்பதுதான் கேள்வி; இரண்டும் ஒருவருடையதாக இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. எந்தப் பக்கத்தை முதலில் முறுக்கட்டும் என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை ஊட்டுப் பக்கம் மொதல்ல முறுக்குங்க," என்றாள்.

முறுக்கினேன். பிறகு பெண் வீட்டுப் பக்கம். இணைப்பை மாட்டுவதற்கு முன்பே அவள் ஹோஸுக்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தாள். இப்போது ஹோஸைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே வட்டத்தைச் சுற்றி நடந்தாள். தண்ணீர் அவளுக்கு முன்னால் நகர்ந்து, ரப்பரைத் தாண்டி, மறுபடி அவளிடமே வந்தது. மூன்று சுற்று சுற்றினாள். தண்ணீர் தாண்டிவிட்டது. கோகிலவாணி கோகிலவாணிக்குச் சம்பந்தி ஆனாள்.

பேசிய முகூர்த்தத்தில், பேசிய மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டார் பெயர் மேல் ஒரு தாள் ஒட்டி அவள் பெயரை எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. லோகநாதனைப் பார்த்தவர்களுக்கு அது அவசியமான சாமான் என்று தோன்றாது. அவள் அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். சிரித்த முகம். அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் எனக்கும் வயிறாரச் சாப்பாடு இறங்கியது.

லோகநாதன் பெண்ணுக்கு அண்ணன் என்பதால் சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெரியவர்கள் பாத்துச் சொல்லியிருந்தார்கள். நாச்சிமுத்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் போய் ஞாபகப்படுத்தினேன். அவர் பெண் வீட்டார். மாப்பிள்ளை வீடு சொல்லாமல் உட்காரக் கூடாது. அவர் எழுந்து நின்றார். சென்னியப்பன் பெண் வீட்டுக்கு மூத்த பங்காளி என்பதால் அவருக்கு முன்னால், கண்ணை மறைக்கும் பரிவட்டத்தோடு, முதல் மரியாதையாக நின்றார்.

கோகிலவாணி வெற்றிலை போட்டாள். வந்தவர்களோடு மோட்டார் விலை பேசினாள். பந்தி முடிந்தது. இலை எடுத்தார்கள். வாழைமரத்தை அவிழ்த்தார்கள். அவள் இவர்களை உட்காரச் சொல்லவில்லை. மறந்துவிட்டாளோ என்று பக்கத்தில் போய்க் காதோடு கேட்டேன். மறக்கவில்லை என்றாள்.

இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். மூணு இன்ச் வால்வு திறந்தபடி இருந்தது. வால்வைச் சொந்தக்காரர்தான் மூட வேண்டும், பிட்டர் தொடக் கூடாது. வெங்காயம் மூன்றாம் வாரம் அழுகிப்போனது. நாற்றம் மண்டபம் வரைக்கும் வந்தது.

நாலாம் வாரம் அவர்களுக்குத் தாகம் தாங்கவில்லை. நாச்சிமுத்து தன் தோட்டத்துப் பழைய குழாயை மண்டபத்து வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லி, மகளிடம் தண்ணீர் கேட்டு என்னை அனுப்பினார். அவள் உடனே ஒத்துக்கொண்டாள். மனசு கல் இல்லை அவளுக்கு. என்ன அளவு போடட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தென்னை மரங்களைப் பார்த்துவிட்டு, ஒரு இன்ச் போதும் என்றாள்.

போட்டேன். தண்ணீர் தாண்டியது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு செம்பு குடித்துவிட்டு, இனிமேல் உட்காரச் சொல்வாள் என்று அவள் வரும் வழியைப் பார்த்தார்கள். உட்காரச் சொல்ல மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் உரிமை உண்டு. ஒரு இன்ச்சில் வெறும் ஊர்க்காரியாகிவிட்டவளுக்கு அது கிடையாது.

தினமும் காலையில் அவள் தோப்புக்கு அந்த வழியாகத்தான் போகிறாள். மண்டபத்து வாசலில் முகத்தைத் திருப்பி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாள். அவர்கள் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது அவள் புளியமரத்தைத் தாண்டிப் போய்விட்டிருக்கிறாள்.