சோத்தாங்கைக் கட்டைவிரல்

கொளஞ்சியம்மாளின் பத்து விரல்களிலும் ரேகை இல்லை என்று பட்டணத்து ரேகை நிபுணரிடமிருந்து கோர்ட்டுக்குக் கடுதாசி வந்துவிட்டது.

"ரேகை இல்லாம எப்புடிங்க இருக்கும்?" அரியலூரில் வக்கீல் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவள் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இருந்துச்சும்மா, தேஞ்சி போச்சு" என்றார் வக்கீல் குமாஸ்தா இளையபெருமாள். "பருத்தி எடுத்து, களை வெட்டி, சாம்பலப் போட்டுச் சட்டி தேய்ச்சா என்னத்த மிஞ்சும்? ஒரு மாசம் கட்டைவிரலுக்கு வேலை குடுக்காம வெச்சிருந்தா கோடு திரும்ப முளைக்குமாம். வெளக்கெண்ணெயத் தடவி வூட்டோட கெட."

வீட்டோடு கிடப்பதாம். புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஒரு நாள் வீட்டோடு கிடந்திருப்பாளா என்று குமாஸ்தாவுக்கு என்ன தெரியும்! காய்ச்சல் வந்தால்கூடக் களைக்கொட்டும் கையுமாகத்தான் காய்ந்தாள்.

வழக்கு இதுதான். குன்னத்துக்குக் கிழக்கே, அவளுடைய அப்பன் சீதனமாக எழுதி வைத்த இரண்டு ஏக்கர் புன்செய்க் காடு. அவளுக்குச் சோறு போடுவது அது ஒன்றுதான். யுத்தம் முடிந்த வருஷம் கொழுந்தன் அமிர்தலிங்கம் ஏரைப் பூட்டிக்கொண்டு அதில் வந்து இறங்கினான். "நீங்கதான அண்ணி மூணு வருஷத்துக்கு முந்தி எனக்குக் கிரயம் பண்ணிக் குடுத்தீங்க" என்று கூசாமல் ஒரு பத்திரத்தை நீட்டினான். அதில் கறுப்பாக ஒரு விரல் பதிந்திருந்தது. அவள் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலைக்கூட மிதித்ததில்லை. எவளையோ கூட்டிப்போய் இவள்தான் கொளஞ்சியம்மாள் என்று நிறுத்தியிருக்கிறான், பாவி.

வக்கீல் வக்காலத்தை நீட்டியபோதுகூட அவள் பேனாவைப் பிடித்து ஒரு கீறல்தான் போட்டாள். விரலில் மை பட்டது, கோர்ட்டில் பத்து விரலையும் உருட்டி எடுத்தார்களே, அப்போதுதான் முதல் தடவை. மனுஷன் பொய் சொல்லலாம், ரேகை சொல்லாது, இதெல்லாம் சயன்ஸ் என்று வக்கீல் பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்த சயன்ஸ் இப்போது அவளைப் பார்த்து, நீ யாரென்றே தெரியவில்லை என்று சொல்லிவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் விளக்கெண்ணெயைத் தடவி, பழைய வேட்டித் துணியால் சோத்தாங்கைக் கட்டைவிரலைச் சுற்றிக் கட்டினாள். சோறு தின்ன மட்டும் அவிழ்ப்பாள். தை மாசம், வெங்காயம் பிடுங்கும் சமயம். ஒற்றைக் கையால் எத்தனை பாத்தி பிடுங்க முடியும்? பீச்சாங்கையாலேயே பிடுங்கினாள், தாள் அறுத்தாள், தண்ணீர் இறைத்தாள், சட்டி தேய்த்தாள். பழக்கமில்லாத கை, அரிவாள் பட்டு இரண்டு இடத்தில் கிழிந்தது.

"என்ன அத்தாச்சி, கையில சாமி குடியிருக்கா?" என்று வரப்பில் போன மருதாயி கேலி பண்ணினாள்.

"காடே இந்த விரல்லதான் இருக்கு, போடி" என்றாள் கொளஞ்சியம்மாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் வலித்தது.

மாசம் முடிந்து, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில் ஏறி அரியலூர் போனாள். ரேகை நிபுணரே பட்டணத்திலிருந்து பூதக்கண்ணாடியோடு வந்திருந்தார். கோர்ட் நிறைய ஆட்கள். கூண்டில் நின்று, பிள்ளையை இறக்கி விடுவது போலத் துணியைப் பக்குவமாக அவிழ்த்து விரலை நீட்டினாள்.

நிபுணர் குனிந்து பார்த்தார். "கோடு நல்லா வந்திருக்கு. ஆனா இது வலது கை. பத்திரத்துல இருக்கிறது இடது கட்டைவிரல். எங்கேயும் இடதுதான் எடுப்பாங்க. அந்தக் கையைக் காட்டுங்க."

அவள் பீச்சாங்கையைக் காட்டினாள். வெங்காயச் சாறு ஏறிக் கறுத்து, அறுபட்டு, பொருக்குத் தட்டிக் கிடந்தது. "இதுல முன்னைவிட மோசம்" என்று அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு மாசம் பட்ட பாடு வீண். காடும் போச்சு.

மேடையில் எழுதிக்கொண்டிருந்த முன்சீப் பேனாவை நிறுத்தினார். "ஏம்மா வலது கையைக் கட்டிவெச்சே?"

"விரலுக்கு வேலை குடுக்காதன்னாங்க. நெலத்து சமாசாரம், நல்ல காரியம். அதுக்குப் போயி யாராச்சும் பீச்சாங்கைய நீட்டுவாங்களாங்க?"

கோர்ட்டில் கொல்லென்று சிரித்தார்கள். முன்சீப் சிரிக்கவில்லை. அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்த அவளுடைய வக்கீல் துள்ளி எழுந்தார். "போன வாய்தாவில் அமிர்தலிங்கம் சொன்னதைக் கவனிக்கணும். ரிஜிஸ்திராரே இவளோட இடது கையைப் பிடிச்சு மையில் அழுத்தினதை நேரில் பார்த்ததா சாட்சி சொல்லியிருக்கான். ஒரு தடவை அப்படி வெச்சவ, எந்தக் கைன்னு தெரியாம இருப்பாளா?"

எதிர்வக்கீல் இது நடிப்பு என்றார். முன்சீப் அந்த அறுபட்ட கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நடிக்கிறவள் தனக்கு வேண்டிய கையையே இப்படிக் கெடுத்துக்குவாளா?" என்று கேட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார்.

மாசியில் தீர்ப்பு வந்தது. காடு கொளஞ்சியம்மாளுக்கே. தீர்ப்பின் நகலை வாங்கிக்கொள்ள அவள் போனபோது, இளையபெருமாள் கையெழுத்துக்குப் பதிலாக ரேகை வைக்க மை டப்பாவை நகர்த்தினார். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே அவள் இடது கையை நீட்டினாள். காகிதத்தில் விழுந்தது கோடு ஒன்றுமில்லாத கறுப்பு வட்டம்.

"ஏங்க, அந்தக் கள்ளப் பத்திரத்துல கோடு தெளிவா இருக்குதுங்களா?"

"கண்ணாடி மாதிரி இருக்கும்மா. ஒவ்வொரு கோட்டையும் எண்ணலாம்."

கொளஞ்சியம்மாள் விரல் மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டாள். தன் பெயரைச் சொல்லிக்கொண்டு போய் நின்ற அந்த முகம் தெரியாத பொம்பளையை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். கோபம் வரும் என்று பார்த்தால் வரவில்லை.

"குடுத்து வெச்சவ" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள். காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்தது.