நாலு வாரச் சாட்சி

கட்டி கரைந்துவிட்டது என்று வெற்றிச்செல்வி சபையில் எழுந்து சாட்சி சொல்லி நாலு வாரம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில், அது புற்றுநோய்தான் என்று டாக்டரம்மா சொன்னார். திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிட வேண்டும். இடது மார்பை எடுக்க வேண்டியிருக்கும்.

"ஊசி குத்தி எடுத்த டெஸ்டு முடிவு வந்து மூணு வாரமாச்சு. எங்கம்மா போயிருந்தீங்க?"

வெற்றிச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வற்புறுத்திக் கூட்டி வந்த அக்கா மருதாயிதான் பதில் சொன்னாள்.

"அவளுக்கு அவுங்க ஏசப்பா முன்னாடியே ஆபரேசன் பண்ணிட்டாருங்க. அதான் வரலை."

ஊர் திரும்ப, அரியலூர் பஸ்ஸில் சின்ன வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. மருதாயி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

"நானுந்தான் மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துறேன். காய்ச்சல் வந்தா மாத்திரையும் முழுங்குறேன். ஆத்தா ஒருநாளும் கோவிச்சுக்கிட்டதில்ல. ஒங்க ஆளு அவ்ளோ ரோசக்காரரா?"

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெற்றிச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஆறு வருஷத்துக்கு முன்பு அவள் கணவன் அப்படி ஒரு லாரியின் சக்கரத்தில்தான் போனான். அப்போது ஒரு மாதம் முழுதும் அவளுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தவள் பாஸ்டரின் மனைவி புஷ்பவல்லி. அதற்குப் பிறகுதான் வெற்றிச்செல்வி சபைக்குப் போனாள். தெருவில் அவளை 'ஏ, டைலரு' என்று கூப்பிடுவார்கள். சபை கூடும் தகரக் கொட்டகையில் மட்டும் அவள் சிஸ்டர்.

சொன்னது பொய்யா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். சாட்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் புஷ்பவல்லி எண்ணெய் பூசி ஜெபித்தபோது வலி நின்றது உண்மை. ராத்திரி விரலால் தடவிப் பார்த்தபோது கட்டி சின்னதாகத் தெரிந்ததும் உண்மை. "விசுவாசத்தோட சாட்சி சொல்லிடு. சொன்னாதான் நிலைக்கும்" என்று புஷ்பவல்லி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து, கர்த்தர் கரைத்துப்போட்டார் என்றாள். எல்லாரும் அழுதார்கள், கைதட்டினார்கள். இரண்டாவது வாரமே வலி திரும்பி வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. முடிவை வாங்கப் போனால் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று போகாமலும் இருந்தாள். அந்த நாட்களில் அவளால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால், அவர் கொடுக்காத ஒரு வாக்கைச் சொல்லி அவரை மிரட்டுவது போல இருந்தது.

யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுமதி வந்து அந்த நினைப்பைக் கெடுத்தாள்.

சுமதி முந்திரி உடைக்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவள். சபைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கிறிஸ்துமஸ் புடவைக்கு ஜாக்கெட் தைக்க வந்திருந்தாள். வெற்றிச்செல்வி டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து இறுக்கியதும் சுமதி சட்டென்று பின்வாங்கினாள்.

"மெதுவாக்கா. அங்க ஒரு கட்டி இருக்கு."

வெற்றிச்செல்வியின் கையில் டேப் அப்படியே நின்றது.

"எத்தினி நாளா?"

"நாலஞ்சு மாசமிருக்கும். ஊசி டெஸ்டு எடுக்கச் சொன்னாங்க. அப்பதான் நீங்க சாட்சி சொன்னீங்க. சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன்." சிரித்தாள். "அக்காவுக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாரா? லூசாவே தைங்க, கரைஞ்சதும் புடிச்சுக்கலாம்."

வெற்றிச்செல்வி நோட்டில் முப்பத்தாறு என்று எழுதினாள். சுமதி போன பிறகு பார்த்தால் எழுதியிருந்தது தன்னுடைய அளவு.

சனிக்கிழமை புஷ்பவல்லியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். புஷ்பவல்லி ரொம்ப நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போ. வேணாங்கல. சபையில மட்டும் சொல்லாத. புதுசா வந்தவங்க விசுவாசத்துல இடறிப் போயிடுவாங்க. சொந்தக்காரங்க வூட்டுக்குப் போறேன்னு சொல்லு, நாங்க பாத்துக்குறோம்."

"சுமதி டெஸ்டுச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டா."

"அவகிட்ட நான் பேசுறேன்."

"என்னன்னு பேசுவீங்க?"

புஷ்பவல்லி கையை விட்டாள். "நீ எழுந்து சொன்னா அப்புறம் ஒம் பக்கத்துல எவளும் ஒக்காரமாட்டா, பாத்துக்க" என்றாள். மிரட்டுகிற மாதிரி சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் பாஸ்டர் அவள் பக்கமே பார்க்கவில்லை. வெற்றிச்செல்வி எழுந்தாள். முன்னால் இருந்தவளின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் அன்னிக்குச் சொன்னது நடக்கலை. கட்டி இருக்கு. கேன்சருன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரப் போறேன். கர்த்தர் என்கிட்ட கரைக்கிறேன்னு சொல்லலை. நானாத்தான் சொன்னேன். நீங்க கைதட்டினது நல்லாயிருந்துச்சு. என் பேச்சைக் கேட்டு யாரும் வைத்தியத்தை நிறுத்தியிருந்தா, தயவுசெஞ்சு போங்க."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. வெளியே ஒரு லாரி போய் முடியும்வரை தகரம் அதிர்ந்தது. பாஸ்டர் ஒரு பாட்டைத் தொடங்கினார். எல்லாரும் எழுந்தார்கள். அவள் மட்டும் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிக்காரி தன் பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள்.

வெற்றிச்செல்வி கண்ணை மூடினாள். பயமாயிருக்குப்பா, என்றாள் மனசுக்குள். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பதில் ஒன்றும் வரவில்லை. மார்பு கத்தியால் கீறுவது போல வலித்தது. ஆனாலும் இத்தனை நாளாக யாரும் இல்லாமல் கிடந்த இடத்தில் இப்போது அவர் இருந்தார். கணவன் செத்த அன்று, ஒன்றும் பேசாமல் சோற்றுத் தூக்கோடு வந்து உட்கார்ந்திருந்த புஷ்பவல்லியைப் போல, சும்மா பக்கத்தில் இருந்தார். அவளுடைய மூச்சு மெல்லச் சீரானது.

வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் சுமதி நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஏன்க்கா சொன்னீங்க? நாலு வாரமா நிம்மதியாத் தூங்கினேன். அதையும் புடுங்கிட்டீங்க."

"ஆமா" என்றாள் வெற்றிச்செல்வி. "நாளைக்கு எட்டு மணி பெரம்பலூர் பஸ்ஸுல போறேன். ஒனக்கு இடம் போட்டு வக்கிறேன்."

சுமதி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டின் ஓரத்தில் வெற்றிச்செல்வி துண்டைப் போட்டு வைத்தாள். மருதாயி மாற்றுத்துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இடம் கேட்டு வந்தவர்களோடெல்லாம் சண்டை போட்டாள்.

"ஆள் வருதுங்க. யாருன்னு எனக்கும் தெரியாது, வருதாம்."

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். வண்டி நகர்ந்தது. வெற்றிச்செல்வி துண்டை எடுக்கவில்லை. ஊரைத் தாண்டுகிற கடைசி நிறுத்தத்தில் சுமதி ஏறினாள். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் கிழிந்த சீட்டுத் துண்டுகள் இருந்தனவா என்று வெற்றிச்செல்வி கேட்கவில்லை. சுமதி துண்டை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒங்ககூடப் பேச மாட்டேன்" என்றாள்.

"சரி."

மருதாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, யாரும் கேட்காமலே மூன்று இட்லிப் பொட்டலங்களை வெளியே எடுத்தாள்.