கதவை மாட்டிவிட்டுத்தான் வெட்டணும்

கதவு மூடவில்லை. முதலில் மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு இடுப்பால் ஒரு இடி இடித்தாள். அதற்கும் மசியாமல் போகவே, "மூடித் தொலையேன்" என்று கெஞ்சியும் பார்த்தாள். பழைய காரின் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு, மேல்மூலையில் போய், கூரையைத் தாங்குகிற தூணோடு முட்டிக்கொண்டு நின்றது. கீழே விரல் நுழைகிற இடைவெளி, மேலே ஒரு தாளைக்கூடச் செருக முடியாது.

அவள் தொழிலில் பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள். ஒரு பல் மயிரிழை சாய்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற அந்தக் கண்ணுக்கு இந்தக் கோணல் எப்படி இத்தனை நாளாகத் தப்பியது என்று கேட்டால், அதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான். கதவு இத்தனை நாளாக வண்டியில் இல்லவே இல்லை. சுவரோரம் கம்பளிக்குள் சுகமாகச் சாய்ந்திருந்தது.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவளைவிடச் சில வயது மூத்த வண்டி அது. யாரோ ஒருவருடைய கிடங்குக்குப் பின்னால், கோழி முட்டையிடுகிற இடமாகக் கிடந்ததைப் பார்த்து வாங்கினாள். அப்பா ஓட்டிய வண்டியா, கல்யாணத்துக்கு வந்த வண்டியா என்று உருகத் தயாராகக் கேட்டவர்களுக்கெல்லாம், "பிடிச்சிருந்தது, வாங்கினேன்" என்று சொல்லி வாயை அடைத்தாள். நாத்தனார் மட்டும் விடவில்லை. "ஊர்ல எல்லாரும் வண்டி வாங்குவாங்க. எங்க வீட்டு மகராசி துருவை வாங்கிட்டு வந்து, அதுக்கு உக்காந்து ஒத்தடம் குடுக்கிறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். டாக்டருக்கு அதில் வருத்தமில்லை. துருவைச் சுரண்டுவது, சொத்தையைச் சுரண்டுவதைவிடச் சுகமான வேலை. நடுவில் யாரும் "ஆ" என்று அலற மாட்டார்கள்.

பழைய கார்க்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தாள், வெல்டிங் பழகினாள். மாலையில் கிளினிக்கை மூடிவிட்டு வந்தால் பின்கட்டுக் கொட்டகைதான் கதி. கதவுகளுக்குக் கீழே வண்டியின் நீளத்துக்கு ஓடுகிற அடிப்பட்டை அப்பளமாக நொறுங்கிப் போயிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்தாள். அங்கேதான் சறுக்கினாள்.

இந்த மாதிரி வண்டிகளுக்குத் தனியாக எலும்புக்கூடு கிடையாது. அடிப்பட்டைதான் எலும்பு. அதை வெட்டுவதற்கு முன்னால் தூணுக்கும் தூணுக்கும் நடுவே இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும், கதவை மாட்டிவிட்டு இடைவெளியைப் பார்த்துப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். சங்கத்தில் சேர்ந்த முதல் நாளே ஒவ்வொருத்தரும் இதைச் சொன்னார்கள். அவளோ, கதவு இடைஞ்சல் என்று கழற்றி வைத்தாள். கீழே படுக்க இடம் வேண்டுமென்று, வண்டியை முன்னாலும் பின்னாலும் மட்டும் தூக்கி நிறுத்திக்கொண்டு நடுவை வெட்டினாள். நடு மெல்லத் தொய்ந்தது. தொய்ந்தபடியே பற்றவைத்தாள். ரொம்ப அழகாகப் பற்றவைத்தாள், அதுதான் கொடுமை.

சரி, வெட்டித் திரும்ப வைத்தால் போயிற்று என்பீர்கள். அதற்குள் அதன் மேல் பெயின்ட் ஏறிவிட்டது. அடித்தவர் அவள் வீட்டுக்காரர்.

அவர் வங்கியில் மேனேஜராக இருந்தவர். ஒரு நாள் நாற்காலியிலேயே பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு திரும்பி வந்தது, வலது கை மட்டும் நடுக்கத்தோடு நின்றுவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் டீக்கடையில் கப் தளும்பியபோது, பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஓடி வந்து அதை வாங்கி, குழந்தைக்குப் புகட்டுவதுபோல அவர் வாயில் வைத்தார். அன்றோடு தெருவாசலைத் தாண்டுவதை விட்டார். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்தாள். எதுவும் எடுபடவில்லை.

கொட்டகைக்குப் போகத் தெருவாசலைத் தாண்ட வேண்டியதில்லை, அடுப்படி வழியாகவே போய்விடலாம். அதனால் வந்தார். ஒரு நாள் பெயின்ட் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பழைய தகட்டில் கோணல்மாணலாக அடித்துப் பழகினார். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உடம்பையே திருப்பி அடித்தால் நடுக்கம் கோட்டில் தெரியாது என்று அவராகவே கண்டுபிடித்தார். மாதக்கணக்கில் பாடுபட்டு வண்டி முழுவதற்கும் வெளிர்நீலம் ஏற்றினார். முடித்த அன்று பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "பரவால்லடி டாக்டர்" என்றார். கல்யாணத்தன்று கூட அந்த முகத்தில் அவ்வளவு பெருமையை அவள் பார்த்ததில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்து வண்டிகள் ஊரைச் சுற்றி வரப் போகின்றன. "இந்த வண்டியில உக்காந்து வேணும்னா வர்றேன். நடந்துபோய் எவன் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். சட்டை கூட எடுத்து வைத்தாகிவிட்டது. டாக்டர் இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் போதும், மனுஷன் மறுபடி வெளியே வருவார். இப்போது கதவு மூட மாட்டேன் என்கிறது.

வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சங்கத்துச் செயலாளரை வரவழைத்தாள். எல்லோரும் அவரை மீசைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், மீசை அப்படி. அவர் குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், மீசையைத் தடவினார்.

"முட்டுக் குடுத்தீங்களா டாக்டரம்மா?"

"இல்ல."

"கதவையாவது மாட்டிட்டு வெட்டினீங்களா?"

"அதையும் பண்ணல. போதும், திட்டுறதை அப்புறம் திட்டுங்க. இப்ப என்ன வழி?"

"வழியா? கதவோட மேல்மூலையைக் கொஞ்சம் தேய்ச்சு விடுங்க. கீழ பட்டி வெச்சு அடைங்க. மேல ஒரு கை பெயின்ட். ஊர்வலத்துல எவன் குனிஞ்சு பாக்கப்போறான்?"

"ஓட்டினா நிக்குமா?"

"ஒரு நாளைக்கு நிக்கும்" என்றார் மீசைக்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல். "மேடுபள்ளத்துல உலுக்கினா பட்டி உதிரும். கதவு தானா தொறந்துக்கிட்டாலும் தொறந்துக்கும். ஒரு கயிறு போட்டுக்கலாம்."

அவர் போன பிறகு, அவள் தேய்க்கிற மெஷினைக் கையில் எடுத்தாள். ஒரே ஒரு நாள்தானே? அந்த ஒரு நாள் வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டால் மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மெஷின் உறுமியது. கதவின் ஓரத்தில் வைத்தாள், ஒரு பொறி பறந்தது, நீலம் நகமளவு கருகியது. அவ்வளவுதான், கை நகர மறுத்தது. உள்ளே சொத்தையை விட்டுவிட்டு மேலே பளபளவென்று அடைத்து அனுப்பிய டாக்டர்களை அவள் வாழ்நாள் முழுக்க வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். அந்த வேலையை இப்போது தன் வீட்டுக்காரரை உட்காரவைக்கிற வண்டியிலேயே செய்வதா? மெஷினை அணைத்துத் தரையில் வைத்தாள். தன் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து, வண்டி விளக்கின் வளையம் ஒன்றுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"கதவு மூடல. அதானே?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ரெண்டு நாளா என்னைக் கொட்டகைப் பக்கமே விடாம, இதுக்குப் பாலீஷ் போடு, அதுக்குப் பாலீஷ் போடுன்னா எனக்குத் தெரியாதா? கைதான்டி ஆடுது. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தப்பு தன்னுடையது, அடிப்பட்டையை மறுபடி வெட்ட வேண்டும், பற்றவைக்கிற சூட்டில் அந்தப் பக்கத்துப் பெயின்ட் முழுக்கக் கொப்பளித்துவிடும், ஞாயிற்றுக்கிழமை போச்சு. அவர் வளையத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"எப்படிங்க சொல்லுவேன்? மாசக்கணக்கா உசுரைக் குடுத்து அடிச்சீங்க. மறுபடியும் அடின்னு எந்த வாயால சொல்றது? மறுபடி முடியுமோ முடியாதோன்னு..."

அந்த இடத்தில் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வார்த்தை வெளியே போய்விட்டது.

அவர் வளையத்தைக் கீழே வைத்தார்.

"நீயும் என் வாய்ல கப்பை வைக்க வந்துட்டே, இல்ல?"

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு மட்டும் கச்சிதமாக மூடியது.

டாக்டர் அடுப்படியில் நின்று அழுதாள். பரிதாபப்பட்டுவிட்டோமே என்று அழுதாள், அதுவும் அவர் கண்டுபிடிக்கும்படி பட்டுவிட்டோமே என்று சேர்த்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்தி, முகத்தைக் கழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அழுதாலும் அழாவிட்டாலும் வண்டி தொய்ந்தபடியேதான் இருக்கும். அவர் வெளியே வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கதவு ஒழுங்காக மூடியாக வேண்டும். ஜாக்கியை உருட்டிக்கொண்டுபோய் வண்டியின் நடுவயிற்றுக்குக் கீழே வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் அவள் போய்ப் பார்த்தபோது அவர் முன்பே அங்கே இருந்தார். முகத்தில் துணிக்கட்டு, இடது கையில் சுரண்டி. அடிப்பட்டையோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தான் அடித்த நீலத்தைத் தானே உரித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க, நான் பண்றேன்" என்று வாய்வரைக்கும் வந்ததை அவள் விழுங்கினாள்.

"நான் அடிச்ச பெயின்ட்டு. நான்தான் எடுப்பேன்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். "நீ உன் தப்பைப் பாரு."

பார்த்தாள். இந்தத் தடவை ஒழுங்காகக் கதவை மாட்டினாள். ஜாக்கியால் நடுவைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு தூண்களுக்கும் நடுவே மேல்பக்கமாக, நீளத்துக்கும் திருகு வெட்டிய மரைக்கம்பி ஒன்றைக் குறுக்கே வைத்து, நட்டைத் திருகத் திருகத் தூண்கள் விலகும்படி முட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகே அடிப்பட்டையை வெட்டினாள். அவர் கதவோரம் நின்று, இடைவெளியில் அட்டைத்துண்டைச் செருகிச் செருகி, "இன்னும் கொஞ்சம்... ஏய், போதும் போதும்... மேல இன்னும் இடிக்குது" என்று அதிகாரம் பண்ணினார். சமாதானம் என்று தனியாக ஒன்றும் நடக்கவில்லை. வேலை மும்முரத்தில் யாருக்கும் அதற்கு நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருக்கோடியில் பழைய ஹார்ன்கள் விதவிதமாகக் கத்திக்கொண்டு போயின. எடுத்து வைத்த சட்டை அலமாரியிலேயே இருந்தது. டாக்டர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, முகமூடியோடு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். மேலே 'டக்' என்று ஒரு சத்தம்.

"நட்டுல மரை தேஞ்சுபோச்சு" என்றார் அவர். "கம்பி வழுக்குது. தூணு திரும்ப உள்ள வருது."

"ஐயோ, அசைக்காதீங்க! கட்டையை வெச்சு அடை குடுங்க. இந்த ஓரத்தை முடிச்சுட்டு நான் போய் நட்டு வாங்கிட்டு வர்றேன்."

கட்டையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் அந்த ஓரத்தை முடித்து, முதுகால் நகர்ந்து வெளியே வந்து, முகமூடியைக் கழற்றினாள். கொட்டகையில் யாரும் இல்லை. கூடத்தில் இல்லை, அறையிலும் இல்லை. தெருவாசல் ஆவென்று திறந்து கிடந்தது.

வாசலுக்கு ஓடினாள். தெரு முழுக்கக் கூட்டம், இப்போதுதான் வண்டிகள் போய் முடித்திருக்கின்றன. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, பெயின்ட் தெறித்த பனியனோடு, அவர் காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தார். யாரோ வணக்கம் சொன்னதைக்கூடக் கவனிக்கவில்லை. முகம் கடுகடுவென்று இருந்தது.

"இரும்புக் கடைக்காரனுக்கு அறிவே இல்லடி! நான் கேட்டது பெரிய மரை. அவன் குடுத்து அனுப்பினது சின்ன மரை, பாரு. கை ஆடுறதைப் பாத்ததும் அவனுக்குக் காது அடைச்சுப்போச்சு. உக்காருங்கறான், தண்ணி குடிங்கறான், வீட்ல எல்லாரும் சௌக்கியமாங்கறான். நட்டை மட்டும் பாத்துக் குடுக்க மாட்டேங்கிறான்!"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'ஏங்க, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு பாத்தீங்களா?' என்று கேட்டுவிட வேண்டும்போல இருந்தது. கேட்டால் அவருக்கு ஞாபகம் வந்துவிடும். கேட்கவில்லை.

அவர் அதற்குள் உள்ளே போய், மரைக்கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

"கம்பியையே எடுத்துட்டுப் போறேன். அவன் கண்ணு முன்னாடியே நட்டைப் போட்டுப் பாத்துட்டுத்தான் வருவேன். என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே?"

"ஒண்ணுமில்ல" என்றாள். "வாஷர் ரெண்டு சேத்து வாங்கிட்டு வாங்க."

அவர் தலையாட்டிவிட்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார். நாலு எட்டு வைத்தவர், அங்கிருந்தே திரும்பி, தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார்.

"நான் வர்றதுக்குள்ள கதவைத் தொட்டே, தெரியும் சேதி! நான்தான் மூடிப் பாப்பேன்!"