சுற்றுவழி

பின்சக்கரத்தை ஒரு கையால் மெல்லச் சுற்றிவிட்டுக்கொண்டே மறு கையால் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள் அவள். விடுதியின் வாசற்படியில் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார் கணவர். மடியில் சாலை வரைபடம் விரிந்து கிடந்தது. அதன்மேல் விழுந்த முட்டை ஓடு ஏதோ ஒரு ஊரையே மூடியிருந்தது.

“டிரைவரே, கடைசியாக் கேக்குறேன். மலை ரோடா, பைபாஸா?”

“பைபாஸ்.”

“பைபாஸ்ல என்ன இருக்கு? லாரி இருக்கு. லாரிக்கு முன்னாடி இன்னொரு லாரி இருக்கு.”

“நேரத்தோட வீடு போய்ச் சேரலாம்ல? நம்ம ஆடு நிறைமாசமா நிக்குது. நாலு நாள் பாத்துக்குங்கன்னு பக்கத்து ஆட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்தோம், ஒரு வாரம் ஓடிப்போச்சு.”

“ஆடு குட்டி போடறதுக்கு நாம ரெண்டு பேரும் போய் முக்கணுமா?”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சங்கிலியைப் பார்த்துக் குனிந்தாள். மலைச் சாலையில் போவதென்று நேற்றே மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். ஆனால் அவர் கெஞ்சுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. அதை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அவளுக்கு வயது அறுபதைத் தாண்டிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அவருக்கு எழுபது. இருவரும் சேர்ந்து போகிறபோது பார்க்கிறவர்கள் அவர்தான் ஓட்டுகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். பெட்ரோல் போடுகிறவர் நேராக அவரிடம் போய், “எவ்வளவு சார்?” என்பார். அவர் கட்டைவிரலால் அவளைக் காட்டி, “டிரைவரக் கேளுங்க, நான் லக்கேஜு” என்பார். ஒவ்வொரு தடவையும் இதையே சொல்வார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல் தானே முதலில் சிரித்துவிடுவார்.

அவர் நில அளவையாளராக இருந்தவர். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்டுவிட்டு, ஓய்வு பெற்றபின் டவுனை விட்டு வெகுதூரம் தள்ளி ஒரு கிணறும் கொஞ்சம் நிலமும் உள்ள வீடாகப் பார்த்து வாங்கினார். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள். அந்த வீட்டுப் பக்கம் பஸ் காலையில் ஒரு தரம் வரும். சாயங்காலம் வந்தாலும் வரும். சந்தைக்குப் போய்வர ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார்கள். ஓட்டப் பழகுகிறேன் பேர்வழி என்று அவர் முதலில் வாய்க்காலில் இறங்கினார். அடுத்து வைக்கோல் போரில் போய்ச் சொருகினார். அப்புறம் பக்கத்து ஆட்டுக்காரரின் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனார். ஆட்டுக்காரர் கைகூப்பி, “சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகல, சந்தோஷம். ஆனா ஆடுங்க ரெண்டு நாளா எதையும் கடிக்கல” என்றார். அன்று சாயங்காலம் அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கியரைத் தட்டி, சந்தைக்குப் போய்விட்டு வந்தாள். திரும்பும்போது பின்னால் அவரும் அவர் மடியில் ஒரு தவிட்டு மூட்டையும் இருந்தன.

அடுத்த வாரம் அணைக்கட்டு வரைக்கும் போனார்கள். அதற்கடுத்த மாதம் கடலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பிறகு நிற்கவில்லை. மகள் மட்டும் போனில் கத்துவாள். “இந்த வயசுல மத்தவங்க அப்பா அம்மாவெல்லாம் கண் டாக்டர்கிட்ட போறாங்க. நீங்க எங்க போய்த் தொலைஞ்சீங்க?” அவர் போனை வாங்கி, “கண் டாக்டர் வீட்டு வழியாத்தாம்மா போறோம், கை காட்டிட்டுப் போறோம்” என்பார்.

சங்கிலிக்கு எண்ணெய் விட்டு முடிந்தது. அவள் எழுந்து கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி. மலை ரோட்லயே போவோம்.”

அவர் உரித்த முட்டையோடு இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார், பந்தயத்தில் ஜெயித்தவர்போல. விடுதியைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “பாத்தீங்களாம்மா? எங்க டிரைவர் நல்ல டிரைவர்” என்று அவளிடமும் சொல்லிவிட்டு, முட்டையை ஒரே வாயில் போட்டுக்கொண்டு பையை எடுக்க எழுந்தார். எழுந்தவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

“கொஞ்சம் இரு, டிரைவரே.”

“ஏங்க, முட்டை அடைச்சிருச்சா?”

அவர் இல்லையென்று தலையாட்டினார். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கலையவில்லை. அவள் பக்கத்தில் போவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டார்.

தண்ணீர், விசிறல், பெருக்கும் பெண் போட்ட கூச்சல், எதிர்த்தெருவிலிருந்து ஓடிவந்த டாக்டர். டாக்டர் நெஞ்சில் கை வைத்து அழுத்தினார், வெகுநேரம் அழுத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “மாரடைப்பும்மா. வலிகூடத் தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாரு. வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கிறவர் இல்ல” என்றாள் அவள். தன் குரல் எங்கோ பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. விரல்களில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு. அந்தக் கையோடு அவர் தலையைத் தொடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு தொட்டாள்.

மகளுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அழுகை ஓய்ந்தபின் மகள், “அப்பாவக் கொண்டுவர்ற வேன்லயே நீயும் ஏறிக்கோம்மா. அந்த வண்டிய அங்கேயே விட்டுத் தொலை” என்றாள்.

“நான் ஓட்டிக்கிட்டு வரேன்.”

“அம்மா!”

“ஒண்ணா வந்தோம். வண்டிய எவன் வாசல்லயோ நிறுத்திட்டு வந்தா உங்கப்பா ஒத்துக்குவாரா? நான் பின்னாடியே வரேன்.”

போனில் பஸ் நிலையத்து இரைச்சல் கேட்டது. பேசிக்கொண்டே மகள் கிளம்பிவிட்டிருந்தாள்.

“ஹெல்மெட் பட்டைய இழுத்துக் கட்டிக்கோ” என்றாள் மகள்.

வேன்காரர் பருத்த உடம்பும் நரைத்த மீசையுமாய் இருந்தார். கணவரை உள்ளே கிடத்தி, பக்கத்தில் பையையும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அவள் கையுறை மாட்டுவதை நம்பாமல் பார்த்தார்.

“எத்தனையோ பேரை ஏத்தியிருக்கேம்மா. உள்ள உக்காந்து அழுதுகிட்டு வருவாங்க. இப்படிப் பின்னாடி பைக்ல வர்றவங்கள இப்பத்தான் பாக்குறேன்.”

“எனக்கும் அழுகை வருது தம்பி. ஹெல்மெட்டுக்குள்ள அழுதா கண்ணாடி ஆவி புடிச்சுக்கும். ரோடு தெரியாது.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். “மலை ரோடு வழியாப் போகலாமா?”

“அது சுத்துவழியாச்சே. பெரியவர சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாமா?”

“அவருக்கு இனிமே என்ன அவசரம்?”

வேன்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். வேனுக்குள் ஒரு பார்வை பார்த்தார். “ரொம்ப ஆசப்பட்டாரா?”

“காலைலேர்ந்து கெஞ்சுனாரு. சரின்னு சொன்னேன். சொல்லி முடிக்கல, அதுக்குள்ள…”

“ஏறுங்க. வளைவுல ஹாரன் அடிச்சுக்கிட்டே போறேன். எதிர்ல வண்டி வந்தா பின்னாடி விளக்கைப் போட்டுக் காட்டுறேன். ஒட்டிக்கிட்டே வரணும், என்ன?”

ஊரைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. காற்றில் ஈர இலை வாசம். வேனின் பின்கதவைப் பார்த்துக்கொண்டே அவள் இரண்டாவது கியரில் ஏறினாள். வழக்கமாக இந்நேரம் காதருகே அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும். வழியில் தென்படும் பலகையெல்லாம் அவர் வாய்விட்டுப் படித்தாக வேண்டும். படித்துவிட்டுச் சும்மா விட மாட்டார். ‘எருமை விற்பனைக்கு, நேரில் பேசவும்’ என்று ஒரு முறை ஒரு வேலியில் எழுதியிருந்தது. “எருமைகிட்டயா நேர்ல பேசணும்?” என்று கேட்டு, அடுத்த ஊர் வரைக்கும் அவளைக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கவைத்து, வண்டியை ஒருவழி ஆக்கிவிட்டார்.

இப்போது பலகைகள் பேச்சுமூச்சில்லாமல் கடந்துபோயின. யானைகள் கடக்கும் இடம். மண் சரியும் இடம். ஒரு மரத்தில் ஆணியடித்திருந்த தகரத்தில், ‘இவ்விடம் கோழி, முட்டை, வீட்டுமனை கிடைக்கும்’ என்று இருந்தது. அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

“இவ்விடம் கோழி, முட்டை, வீட்டுமனை கிடைக்கும். கேட்டீங்களா? வீட்டுமனையையும் கோழிதான் போட்டுச்சோ!”

வேன் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கே அந்த வேடிக்கை அவ்வளவு எடுபட்டதாகத் தெரியவில்லை. அவராக இருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார். ஆனாலும் அடுத்த பலகையையும் படித்தாள். அதற்கடுத்ததையும் விடவில்லை.

உச்சியில் சாலை அகன்று, ஓரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. வேன்காரர் நிறுத்தினார். இறங்கி இடுப்பை நிமிர்த்தியவர், கீழே பார்த்ததும் நின்றுவிட்டார். மேகம் பாதி மலையை மறைத்திருந்தது. அதன் கிழிசல் வழியே ஏரியும், வெயில் விழுந்த வயல்களும், அவர்கள் ஏறிவந்த சாலையும் தெரிந்தன. வேன்காரர் மறுபடி ஏறி, வேனை மெல்ல முன்பின் நகர்த்தித் திருப்பி நிறுத்தினார். போய்ப் பின்கதவை அகலத் திறந்துவைத்தார்.

“பெரியவரும் பாக்கட்டும்” என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். வாய்க்கால், வைக்கோல் போர், வேலிக் கதை எல்லாவற்றையும் சொன்னாள். ‘ஆடுங்க எதையும் கடிக்கல’ என்ற இடத்தில் வேன்காரருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. சிரித்தவர் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“மன்னிச்சுக்கோங்கம்மா.”

“சிரிங்க தம்பி. அவர் இருந்தா இன்னொரு தரம் சொல்லச் சொல்லி நடுவுல தானும் சேத்துக்குவாரு. வைக்கோல் போர்ல அவர் சொருகினது தலைகீழா. அத மட்டும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்பாரு.”

இருவரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்துவிட்டு, திறந்திருந்த வேனையும் பார்த்துவிட்டு, என்ன கேட்பதென்று தெரியாமல் இன்னொரு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இறக்கத்தில்தான் அது நடந்தது. கொண்டை ஊசி வளைவொன்றில் அவள் எப்போதும்போல் சாய்ந்தாள். இத்தனை வருஷமும் அவள் சாய்ந்தது இரண்டு உடம்புக்குச் சேர்த்து. வண்டி எதிர்பாராத வேகத்தில் படக்கென்று உள்ளே சரிந்து, பின்சக்கரம் சரளையில் வழுக்கியது. சமாளித்துத் தடுப்புக்கல் ஓரம் நிறுத்திவிட்டாள். வேனும் சற்றுத் தள்ளி நின்றது. வேன்காரர் ஓடிவரவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி காத்திருந்தார்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்ரோல் டேங்கின்மேல் வைத்து, அதன்மேல் நெற்றியைப் பதித்து அழுதாள். அடக்காமல், குரலெடுத்து அழுதாள். பள்ளத்தாக்கில் ஏதோ பறவை பதிலுக்குக் கத்தியது. அழுது முடித்ததும் தண்ணீரால் முகத்தைக் கழுவினாள். பட்டையை இழுத்துக் கட்டினாள். ஹாரனை ஒருமுறை அடித்தாள். வேன் கிளம்பியது. அடுத்த வளைவில் கொஞ்சமாகச் சாய்ந்து பார்த்தாள். அதற்கடுத்ததில் அளவு பிடிபட்டது.

வெயில் சாயும் வேளையில் வீட்டுப் பாதை வந்தது. வேன்காரருக்கு வழி தெரியாததால் அவள் முந்திக்கொண்டு முன்னால் போனாள். வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். ஆட்டுக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நின்றார். நாலைந்து பேர் வேனை நோக்கிப் போனார்கள். மெல்ல, மெல்ல என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அவரை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

அவள் எஞ்சினை அணைத்தாள். இறங்கப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் தன்னுடையதாக இல்லை.

மகள் படியிறங்கி வந்தாள். ஆபீசிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள், கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கியது. கண் வீங்கியிருந்தது. அம்மாவையும், புழுதியில் குளித்திருந்த வண்டியையும், மாறி மாறிப் பார்த்தாள். மகள் ஏதோ பெரிய சண்டைக்கு வாயைத் திறக்கிறாள் என்றுதான் அவள் நினைத்தாள்.

“இறங்க முடியலடி. காலு மரத்துப்போச்சு.”

மகள் ஆட்டுக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். இருவருமாக அவளைத் தூக்கிப் படியில் உட்காரவைத்தார்கள். ஆட்டுக்காரர் உள்ளே போனதும் மகள் அப்படியே மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அம்மாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினாள். ஷூவைக் கழற்றித் தட்டியதும் உள்ளிருந்து பொடிக்கல் இரண்டு உருண்டோடின. பாதத்தை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துச் சூடு பறக்கத் தேய்க்கத் தொடங்கினாள். நிமிராமலே கேட்டாள்.

“மலை ரோட்லயா வந்தே?”

“ம்.”

“ரோடு எப்படிம்மா இருந்துச்சு?”

அவள் மகளின் வகிட்டைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை மகள் இதுவரை கேட்டதேயில்லை.

“மேல போனா மேகம் காலுக்குக் கீழ இருக்கு” என்றாள். “அங்க ஒரு டீக்கடை. அங்கேர்ந்து சொல்றேன், கேளு.”

மகள் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் மெல்ல உணர்ச்சி திரும்பிக்கொண்டிருந்தது.