கீழே இருக்கும் மணல்

எங்கள் மகன் ஆல்வினுக்குக் கல்லறை இல்லை. காலேஜ் பையன்களோடு கடலில் குளிக்கப் போனவனை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. செருப்பு மட்டும் கரையில் கிடந்தது, உடல் கிடைக்கவே இல்லை. ஈஸ்டர் விடியலில் ஊர் முழுக்க மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். நானும் என் மனைவி பாப்பாவும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பாஸ்டர்தான் ஒரு வழி சொன்னார். "அவன் கடைசியா நின்ன எடத்து மண்ணக் கொண்டாங்க தாவீது. அத வச்சு அடக்கம் பண்ணி, சிலுவை நட்டுடலாம்."

பாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை செத்துவிட்டான் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி என்றாள். இரண்டு வருஷம் அதையே சொன்னவள், இந்தத் தவக்காலத்தில் ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே "போலாம்" என்றாள். மனசு மாறுவதற்குள் மறுநாளே மதுராந்தகத்தில் பஸ் ஏறிவிட்டோம்.

கல்பாக்கம் தாண்டி ஆட்டோவை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்புக்குள் நடந்தோம். இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே பள்ளத்தாக்கு மாதிரி ஓர் இறக்கம், அதன் முடிவில் கடல். வனத்துறை வேலி போட்டுப் பாதுகாக்கிற இடம். சுண்டல்காரன்கூட வரமாட்டான். அடம்புக்கொடி பூத்துக் கிடந்தது, தண்ணீர் பச்சையாக மின்னியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாழாய்ப்போன இந்த இடம் கொஞ்சம் அசிங்கமாக இருந்து தொலைத்திருந்தால் என் பிள்ளை இங்கே வந்தே இருக்க மாட்டான்.

வேலியருகே வாட்சர் சதாசிவம் நின்றிருந்தார். அன்றைக்குச் செருப்பை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். எங்களைப் பார்த்ததும் முகம் வாடியது.

"இங்கிருந்து ஒரு சிப்பி எடுக்கக்கூட உட மாட்டாங்க அண்ணாத்த. ஆனா உங்களாண்ட நான் இன்னாத்த சொல்றது. ஒரு புடி மண்ணுதான, எட்த்துகினு போங்க" என்றார். அடம்புக்கொடியைத் தாண்டி, மணல்மேட்டின் அடியில், செருப்பு கிடந்த இடத்தையும் காட்டினார்.

கொண்டுவந்த வெள்ளைத் துணியை விரித்து மண்ணை அள்ளக் குனிந்தேன். பாப்பா என் கையைப் பிடித்தாள்.

"உடுய்யா. மேல கீறது நேத்து காத்துல வந்த மண்ணு. அவன் மிதிச்சது கீழ கீது."

முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தாள். நானும் தடுக்கவில்லை. அவள் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஓர் இடத்தில் மணல் பொலபொலவென்று இளகிக் கொடுத்தது.

"பாரு, இன்னா சுளுவா வருது. எனக்காகவே வச்சிகினு கீது" என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

கை முழங்கை வரை போனது. சட்டென்று கையை இழுத்தாள். வெளியே எடுத்த கையில் மஞ்சளாக ஏதோ வழிந்தது. விரல்களில் வெள்ளைத் தோல் ஒட்டியிருந்தது.

சதாசிவம் ஓடிவந்து பார்த்தார். "ஆம முட்டக்கா. போட்ட அன்னிக்கே தேடி எடுத்து, குஞ்சு பொரிக்கிற வேலிக்குள்ள பொதச்சு வைப்போம். இத பாக்காம உட்டுட்டோம்."

"மூடி வச்சா பொழைக்குமா?"

அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "ஒடஞ்சது போவட்டும். நாளான முட்ட, கை பட்டுப் பொரண்டுட்டா மத்ததும் கஷ்டந்தான்க்கா."

ஆனாலும் அவள் மூடினாள். இரண்டு கையாலும் மணலை வாரிப் போட்டு, பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல மேலே தட்டிக்கொடுத்தாள். நான் துணியை நீட்டினேன். அதில் மண்ணைக் கட்டவில்லை, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மண்ணு வேணாம். இன்னொருத்தி புள்ளைங்கள கொன்னுட்டு என் புள்ளைக்குக் கல்லறையா?"

இனி எந்த ஈஸ்டரிலும் எங்கள் கதவு திறக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுக்கான துணியை வாங்கி மடித்துக்கொண்டேன்.

அவள் வாட்சரைக் கேட்டாள். "இதுங்க ஆத்தா எங்க கீது?"

"அது முட்ட போட்டுட்டு அன்னிக்கே கடலுக்குப் போயிடும்க்கா. இன்னா ஆச்சுன்னு திரும்பி வந்து பாக்காது."

பாப்பா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்து வச்சவ" என்றாள்.