அசுரனின் மீசை

1

இந்தக் கதை மாத்தளை பஸ் நிலையத்தில் கிடைத்தது. நாவுல என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் தூரத்தில் தெரிந்த கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்; தனக்குள் சிரித்தார். ஏன் என்று கேட்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. அவர் போய்விட்டார். சிரிப்பு மட்டும் என்னிடம் நின்றுவிட்டது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் கோயிலைக் கட்டியது நான். ஊருக்குப் போய்த் தேடாதீர்கள்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "பனி மூடிய மலைகளின் மடியில், பக்தி மணம் கமழும்…" வேண்டாம். இதைச் சுற்றுலாத் துறைக்காரர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள்.

இரண்டாவது: "மாரிமுத்து கண்ணாடி பார்த்து நெடுநாளாகிவிட்டது." பொய். கோயில் செயலாளர் மாரிமுத்து தினமும் கண்ணாடி பார்ப்பவர். மீசைக்காகவே பார்ப்பவர்.

2

கோயில் என்றால் தலவரலாறு வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து, மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக நடந்து வந்த கூட்டம் ஒன்று இங்கே இளைப்பாறியது. இரவு நட்டுவைத்த அம்மன் சூலத்தைக் காலையில் பிடுங்க முடியவில்லை. அந்த இடத்தில்தான் கருவறை. மாரிமுத்து ஒலிபெருக்கியில் சொல்லும் வரலாறு இது.

(அவர் மனைவி சர்மிளா வீட்டில் சொல்லும் வரலாறு வேறு: "சூலம் வந்திருக்கும். அதுக்கப்புறம் நடக்கத்தான் யாருக்கும் காலு வந்திருக்காது.")

கிழக்கு வாசலில் ஐந்து நிலைக் கோபுரம். இரண்டாம் நிலையில், வாசலுக்கு நேர் மேலே, மகிஷாசுரனை வதைக்கும் அம்மன். எட்டுக் கை, பக்கத்தில் சிங்கம், காலடியில் எருமைக் கொம்போடு அசுரன். தெருவில் நின்று பார்த்தால் முகம் துலக்கமாகத் தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் அந்தச் சிற்பத்தை இரண்டாம் நிலையில் வைத்தேன்.

3

மாரிமுத்துவை முதலில் "கர்வம் பிடித்தவர்" என்று எழுதி, வெட்டிவிட்டேன். நான்கு மாதத் திருப்பணியில் தினமும் சாரத்தில் ஏறி, சிமெந்துக் கலவையைக் கிள்ளிப் பார்த்து, எல்லோரையும் திட்டி வேலை வாங்கியவர் அவர். அவர் இல்லாவிட்டால் கோபுரம் மூன்று நிலையோடு நின்றிருக்கும். ஆகவே அவரைக் கோபக்காரர் என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் காலை, எதிரே தேநீர்க்கடை வைத்திருக்கும் றம்ஸி கூப்பிட்டார்.

"செக்ரட்டரி அண்ணே, கோவிக்காட்டி ஒண்டு சொல்லவா?"

"கோவிப்பேன். சொல்லு."

"அந்த அசுரன எங்கயோ கண்ட மாதிரி இருக்கு."

மாரிமுத்து அண்ணாந்து பார்த்தார். முறுக்கிய மீசை. விரிந்த மூக்கு. இடது புருவம் வலதை விடக் கொஞ்சம் மேலே. ஊர் முழுக்க ஒரு வாரமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

சாரத்தில் ஏறிப் போனார். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்தபதி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இது யாருய்யா?"

"மகிஷாசுரன்ங்க."

"மூஞ்சி யாரு மூஞ்சி?"

ஸ்தபதி மறைக்கவில்லை. "கோபம் செய்யணும்னா கோபப்படுற முகத்தைப் பார்க்கணுமில்லீங்களா? நாலு மாசமா இவ்ளோ உயரம் ஏறி வந்து திட்டினது நீங்க ஒருத்தர்தான். போன வாரம் நீங்களே பார்த்து, 'மீசை அம்சமா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போனீங்க."

"ஒடச்சு வேற மூஞ்சி வைங்க."

"கண்ணு திறந்தாச்சுங்க. திறந்த முகத்தை உடைக்க மாட்டேன்."

(இங்கே ஒரு குறிப்பு தேவை. சிலைக்குக் கடைசியாகக் கண் திறப்பார்கள். அதன்பின் அது சிலை அல்ல. கும்பாபிஷேகம் முடிந்துவிட்டால், பன்னிரண்டு வருடம் கழித்து அடுத்தது வரும்வரை கோபுரத்தில் யாரும் உளி வைக்கமாட்டார்கள். மறுநாள் மாரிமுத்து தலைப்பாகை கட்டி, புனிதநீர்க் குடத்தின் பின்னால், ஊர் பார்க்க அதே வாசலால் நடக்க வேண்டும். தனக்குக் கீழே தானே.)

4

"அம்மன் காலடில பன்னெண்டு வருசம்!" என்றார் சர்மிளா. "தவம் கெடந்தாலும் கெடைக்குமா? பேசாம இருங்க."

"கொம்பு வேற இருக்கு, சர்மிளா."

"அது எப்பவும் இருக்கிறதுதானே."

மாரிமுத்து குளியலறைக்குள் போனார். அசுரனை மாற்ற முடியாது. மாறக்கூடிய முகம் இன்னொன்று இருந்தது. இருபது வயதிலிருந்து வளர்த்த மீசையை மழித்தார்.

அதே நேரம் ஸ்தபதிக்கு மனம் கேட்கவில்லை. பாவம், மனுஷர் முகம் செத்துப்போய் இறங்கினாரே என்று, வர்ணம் பூசும் கஜீபனைக் கூப்பிட்டார். "கண்ணைத் தொட வேண்டாம். மீசையை மட்டும் தட்டி எடு. மீசைக்கு ஏது கண்ணு?"

(இதை நான் மாரிமுத்துவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பு எழுதினால் போதும். எழுதினேன்; பிறகு சர்மிளா சார்ஜர் போட மறந்ததாக ஒரு வரி சேர்த்து, அதைப் போகவிடாமல் செய்துவிட்டேன்.)

மீசை போன இடத்தில் மேலுதடு இல்லை. ஸ்தபதி அவசரமாகச் சாந்து வைத்து இழுத்தார். அவசரத்தில் உதட்டின் ஓரம் மேலே போய்விட்டது. கஜீபன் வர்ணம் பூசி முடித்தான். சாரம் இறங்கியது.

மாலையில் மாரிமுத்து சர்மிளாவோடு வந்தார். மூக்குக்குக் கீழே மட்டும் தோல் உரித்த உருளைக்கிழங்கு மாதிரி வெளுத்திருந்தது. றம்ஸி அவரைப் பார்த்தார். மேலே பார்த்தார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"யா அல்லாஹ்! அண்ணே, ரெண்டு பேரும் ஒரே சலூனுக்கா போனீங்க?"

கஜீபன் ஓடி வந்தான். "சேர், மீசைய எடுத்துட்டோம். இப்ப சரிதானேங்க?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவன், தன் மேலுதட்டைத் தடவிப் பார்த்தான்.

மாரிமுத்துவின் மூக்கு விரிந்தது. திட்ட வாயெடுத்தவரைச் சர்மிளா தடுத்தார். மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தார், புடவை எடுக்கும்போது கரையைப் பார்க்கிற மாதிரி.

"இல்லீங்க. ஒத்துப்போகல்ல."

"என்னா ஒத்துப்போகல்ல?"

"அவன் சிரிக்கிறான். நீங்க முறைச்சுக்கிட்டு இருக்கீங்க. இப்பிடியே இருங்க, ஒருத்தருக்கும் தெரியாது. மீச ஒரு மாசத்துல வந்துரும். நாளைக்கு மட்டும் சிரிச்சுராதீங்க."

"நான் எப்பவாவது சிரிச்சிருக்கேனா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றார் சர்மிளா.

5

முடிவுகள்.

அ. இரவு மழை பெய்து அசுரனின் வர்ணம் கரைந்து… இது கோழைத்தனம்.

ஆ. மாரிமுத்து கும்பாபிஷேகத்துக்கே வரவில்லை. நான்கு மாதம் சாரம் ஏறியவரை வீட்டில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

இ. காலை. தலைப்பாகை கட்டிய மாரிமுத்து, குடத்தின் பின்னால், உலகத்துக் கோபத்தையெல்லாம் முகத்தில் கட்டிக்கொண்டு நடக்கிறார். மேளம் உச்சத்துக்குப் போகிறது. குருக்கள் கோபுர உச்சியில் கலசத்துக்கு நீர் வார்க்கிறார். ஆயிரம் கைகள் தலைக்கு மேல் உயர்கின்றன. யாரும் செயலாளரைப் பார்க்கவில்லை; அவர்கூட மேலேதான் பார்க்கிறார். கலசத்தில் வழிந்த நீர் நிலை நிலையாக இறங்கி, அம்மன் பாதம் நனைந்து, அசுரனின் புது உதட்டில் ஒரு துளியாகத் தொங்குகிறது. பிறகு விழுகிறது.

மாரிமுத்துவின் மேலுதட்டில். பல வருடமாக மீசைக்குள் மறைந்திருந்த தோல். கூசுகிறது.

"என்னாங்க," பின்னாலிருந்து சர்மிளாவின் குரல், "அசுரரு ஒங்களுக்குக் குடுத்து விட்டது."

மாரிமுத்து பல்லைக் கடிக்கிறார். மூக்கை விரிக்கிறார். இடது புருவத்தை

(பஸ் நிலையத்தில் நின்றவருக்கு மீசை இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.)

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அவர் முகத்தில் இனி உளி வைக்கமாட்டேன். நீங்கள் றம்ஸியின் கடை வாசலில் நிற்கிறீர்கள். அங்கிருந்து இரண்டு பேரும் நன்றாகத் தெரிவார்கள். முதலில் மேலே பாருங்கள். இப்போது கீழே.