நூற்று எண்பத்தோராவது நாள் காலை

கைதிகளை ஏற்றி வந்த பேருந்து நீதிமன்ற வளாகத்துக்குள் திரும்பியபோது சிந்தர் கௌர் அதன் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு வாசலிலேயே கழன்றுவிட்டது. நின்று எடுக்க நேரமேது? கம்பி வலைக்குப் பின்னால் இருந்த தலைப்பாகைகளில் தன் நாயிப் எது என்று தெரியாமலே ஓடினாள்.

சற்று முன்புதான் வக்கீல் குமாஸ்தா தேஸ்ராஜ் அவள் தலையில் இடியைப் போட்டிருந்தான்.

"இன்னைக்கு வக்கீலுங்க ஸ்ட்ரைக், தங்கச்சி. எவனோ போலீஸ்காரன் ஒரு வக்கீல் காரை இழுத்துட்டுப் போயிட்டானாம். எங்க ஐயா உள்ள கால் வச்சா சங்கம் சும்மா விடாது."

"கார் போனதுக்கு என் வீட்டுக்காரர் உள்ள கிடக்கணுமா அண்ணே?"

நாயிப் சிங் லாரி ஓட்டுபவன். ராஜஸ்தானிலிருந்து அவன் கொண்டுவந்த வெங்காயத்துக்கு அடியில் போதைக்காக விற்கும் அபின் காய்த் தொலி ஆறு மூட்டை இருந்தது. அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது விசாரணையில்தான் விளங்கும். ஆனால் விசாரணையே தொடங்கவில்லையே! ஆய்வுக்கூட அறிக்கை வரவில்லை என்று சொல்லிச் சொல்லியே அவன் கைதாகி நேற்று ஞாயிற்றுக்கிழமையோடு நூற்றெண்பது நாள் ஓடிவிட்டது. அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை வைக்காவிட்டால் ஜாமீன் அவன் உரிமை. ஒரே ஒரு நிபந்தனை, அவன் கேட்க வேண்டும். அவன் கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகையோ, அவகாசம் கேட்கும் மனுவோ மேசைக்கு வந்துவிட்டால் போயிற்று. ஒரு வருடம் வரைகூட உள்ளே வைத்திருக்கலாம்.

"எழுதித்தான் குடுக்கணும்னு இல்ல," என்றான் தேஸ்ராஜ். "வாயால கேட்டாலே போதும். நாயிப் கேட்கட்டும்."

"அவரா? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு என் பேரைக்கூட அவங்க அத்தைதான் கேட்டாங்க!"

"அப்ப அந்த அத்தையையும் கையோட கூட்டிட்டு வந்திருக்கணும். ஓடு, பஸ் வருது! அரசு வக்கீலுக்கு ஸ்ட்ரைக் கிடையாது, சப்-இன்ஸ்பெக்டர் அவகாச மனுவோட அவர் ரூம்ல கையெழுத்துக்கு நிக்கறான்."

பேருந்து நின்றது. வரிசையாக இறங்கினார்கள். கடைசியில் நாயிப், மெலிந்து, கண்கள் உள்ளே போய்.

"மீத்தோ அப்பா! நூத்தியெண்பது நாள் முடிஞ்சுது, ஜாமீன் குடுங்கன்னு ஜட்ஜ்கிட்ட கேளுங்க! போன உடனே கேளுங்க!"

"தள்ளிப் போம்மா, கைதிகிட்ட பேசக் கூடாது," என்று காவலர் குறுக்கே நின்றார்.

முன்னால் போன நரைத்தாடிக் கைதி திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "டேய் நாயிப், உன் பொண்டாட்டி போட்ட சத்தம் ஜட்ஜுக்கே கேட்டிருக்கும். நீ வேற தனியா கேக்கணுமாடா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. நாயிப் மட்டும் சிரிக்கவில்லை. அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மனப்பாடம் செய்கிறான்!

நீதிமன்றம் மாடியில். அவள் இரண்டிரண்டு படியாக ஏறிக் கதவோரம் நின்றாள். கீழே பார்த்தால், முற்றத்தின் அந்தக் கோடியில் சப்-இன்ஸ்பெக்டர் காகிதக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வருகிறார். அவருக்கு இன்னும் ஓட்டமில்லை, நடைதான்.

உள்ளே நாயிப்பின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"வக்கீல் யாரும் இல்லையா? சரி, அடுத்த தேதி போடுங்க," என்றார் நீதிபதி, காகிதத்திலிருந்து தலை தூக்காமலே.

நாயிப் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. எழுத்தர் பேனாவை எடுத்தார். படியில் பூட்ஸ் சத்தம். கேளுங்களேன், கேளுங்களேன் என்று சிந்தர் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டாள்.

அவன் கையைத் தூக்கினான்.

"ஐயா... நூத்தியெண்பது... முடிஞ்சு போச்சு. நான் கேக்கறேன். ஜாமீன் கேக்கறேன் ஐயா."

நீதிபதி நிமிர்ந்தார். அவனை ஒரு முறை, கோப்பை ஒரு முறை பார்த்தார்.

"மணி என்ன?"

"பத்து நாப்பத்தொண்ணு, ஐயா," என்றார் எழுத்தர்.

"மணியோட எழுதுங்க."

சிந்தரை இடித்துக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார், மூச்சு வாங்க, கட்டின் நாடாவை அவிழ்த்தபடி. எழுத்தரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. நாயிப்பின் சட்டைக் கை முழங்கை வரை சரிந்திருந்தது. தூக்கிய கையை இறக்கும்படி யாரும் சொல்லவில்லை. அது அப்படியே உயர்ந்து நின்றது.